மாலை போட்ட என் படம்

என் மகளுக்கு முதல் ஓலை வாசித்த ஞாயிற்றுக்கிழமை, ஒரே காலைப் பூசை நேரத்தில், நான் மதுரையில் உயிரோடு இருந்தேன்; திண்டுக்கல் பக்கத்து ஊர் ஒன்றில் செத்துப் போயிருந்தேன்.

ஓலை என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எங்கள் கத்தோலிக்கர்களில் ஒரு கல்யாணம் நிச்சயமானால் அதை மூன்று ஞாயிறு பூசை முடிவில் கோவிலில் வாசிப்பார்கள். இன்னாருடைய மகனுக்கும் இன்னாருடைய மகளுக்கும் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது, தடை ஏதாவது இருப்பது தெரிந்தால் பங்குச் சாமியாரிடம் தெரிவிக்கவும் என்று. பெண் வீட்டுப் பங்குக் கோவிலிலும் வாசிக்க வேண்டும், மாப்பிள்ளை வீட்டுக் கோவிலிலும் வாசிக்க வேண்டும். பெற்றவர் இறந்திருந்தால் பெயருக்கு முன்னால் ‘காலஞ்சென்ற’ என்று சேர்த்துக்கொள்வார்கள். என் மனைவியின் தம்பி அந்த ஒரு வார்த்தையை மாப்பிள்ளை ஊரில் சேர்க்கச் சொன்னான். எங்கள் ஊரில் சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்று பிற்பாடு சொன்னான். பயந்திருப்பான் என்பதுதான் என் எண்ணம். அந்தக் கோவிலில் என்னைத் தெரியாத ஆள் கிடையாது. அங்கேயே ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் பதினெட்டு வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவன் நான்.

எனக்கு ஆண்கள் மேல்தான் நாட்டம். பதினேழு வயதிலேயே தெரியும். தெரிந்துகொண்டேதான் இருபத்தேழு வயதில் ஒரு பெண்ணுக்குத் தாலி கட்டினேன். கல்யாணம் ஆனால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு சாமியார் சொன்னார், அம்மா சொன்னாள், நானும் எனக்கே சொல்லிக்கொண்டேன். ஒன்றும் சரியாகவில்லை. என் மனைவி நல்லவள். அவளுக்கு நான் செய்தது துரோகம்தான், அதில் வழவழவென்று நியாயம் பேச எனக்கு வாயில்லை. பதினைந்து வருடம் கழித்து ஒரு சனிக்கிழமை என் போனில் ஒருவன் அனுப்பியிருந்ததை அவள் படித்தாள். “இது நெசமா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். ஞாயிறு பூசை முடிந்ததும் அவள் தம்பி வீட்டுக்குப் போனாள்.

திங்கட்கிழமை. ஜூன் மாதம், பள்ளிக்கூடம் திறந்த வாரம். மகள் ஒன்பதாம் வகுப்பு. காலையில் அவளுடைய நோட்டுகளுக்கு நான் காக்கி அட்டை போட்டுக்கொண்டிருந்தேன். வருடா வருடம் அது என் வேலை. அவள் லேபிள் ஒட்டுவாள். மொத்தம் பதினொரு நோட்டு. ஒன்பது முடிந்தபோது நேரமாகிவிட்டது. “மிச்சம் ரெண்டையும் சாயங்காலம் வந்து போடுறேன்” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். சாயங்காலம் பள்ளிக்கூட வாசலில் மைத்துனன் பைக்கோடு நின்றான். பெட்ரோல் டாங்க்கின் மேல் என் துணிப்பை.

“வீட்டுக்கு வர வேணாம் மச்சான்” என்றான். அடிக்கவில்லை, கத்தவில்லை. திருமங்கலத்தில் அவனுடைய சிநேகிதன் வீட்டு மாடியில் கொண்டுபோய் விட்டான். பன்னிரண்டு வருடமாக நான் அந்தத் திருமங்கலத்தில்தான் இருக்கிறேன்.

விஷயம் எப்படியோ பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டது. பத்து நாளில் ஒரு காலை வகுப்புக்குள் நுழைந்தால் கரும்பலகை முழுக்க ஒரே ஓர் எண். ஒன்பது. அந்த எண்ணுக்கு நம்மூரில் என்ன பொருள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நான் அதை அழிக்காமல் பக்கத்தில் ஒரு வர்க்கமூலக் குறி போட்டு, “இதுக்கு விடை சொல்லு” என்று கடைசி பெஞ்சைப் பார்த்துக் கேட்டேன். அன்று மதியம் ராஜினாமா எழுதிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு டியூஷன்தான் பிழைப்பு. இப்போதும் அந்த வகுப்பை நினைத்தால் பல்லைக் கடித்துக்கொள்கிறேன்.

முதல் மூன்று வருடம் மாதம் ஒருமுறை மகளைக் காளவாசலில் ஒரு பேக்கரியில் பார்ப்பேன். பஃப்ஸ் தின்பாள், பாடத்தில் சந்தேகம் கேட்பாள். வேறு எதுவும் கேட்கமாட்டாள். பதினொன்றாம் வகுப்பு முடியும் சமயம் ஒருநாள், “இனிமே வேணாம்ப்பா, கிளாஸ்ல கேக்குறாங்க” என்றாள். சரி என்றேன். அதற்குப் பிறகு வருடத்துக்கு ஒரே ஒரு தொடர்புதான். கிறிஸ்துமஸ் அன்று வீட்டில் வைத்த குடிலைப் படமெடுத்து வாட்ஸப்பில் அனுப்புவாள். ஒரு வார்த்தை இருக்காது. நான் ஒரு நட்சத்திரம் அனுப்புவேன். அந்தப் படத்தைப் பெரிதாக்கி, பின்னால் சுவரில் என்ன மாட்டியிருக்கிறது, நாற்காலி மாறியிருக்கிறதா, ஓரத்தில் தெரிவது அவள் காலா என்று நான் பார்ப்பதை யாராவது பார்த்தால் பைத்தியம் என்பார்கள்.

என்னைப் போல இன்னோர் ஆள் எனக்கு நண்பராக இருக்கிறார். பேரையூர்க்காரர், பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், இரண்டு மகன்களுக்குத் தகப்பன். அவரும் வீட்டைவிட்டு வெளியே வந்தவர்தான். எங்களுக்குள் காதல் கீதல் ஒன்றும் கிடையாது. ஒரே வியாதியில் படுத்த இரண்டு பேர் ஆஸ்பத்திரியில் பழகிக்கொள்வது மாதிரி ஒரு பழக்கம். எங்களைப் போன்றவர்கள் குற்றவாளிகள் இல்லை என்று நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன அன்று அவர் லட்டு வாங்கிக்கொண்டு வந்தார். கதவைச் சாத்திக்கொண்டு தின்றோம்.

அவருடைய மூத்த மகன் கல்யாணத்துக்கு அவர் போனார். யாரும் கூப்பிடவில்லை, யாரோ தூரத்துச் சொந்தம் மாதிரி போய் மூன்றாம் பந்தியில் உட்கார்ந்துவிட்டார். மாப்பிள்ளைக் கோலத்தில் பந்தி விசாரிக்க வந்த மகன் இவருடைய இலைக்கு முன்னால் வந்து நின்றான். பக்கத்தில் பெண் வீட்டு ஆட்கள். “நல்லா சாப்பிடுங்கண்ணே” என்று சொல்லிவிட்டு அடுத்த இலைக்குப் போய்விட்டான். “என்னைய அண்ணேன்னுட்டான் வாத்தியாரே” என்று கீழக்குயில்குடி ஆலமரத்தடியில் உட்கார்ந்து அவர் சொன்னபோது எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆனால் அவர், “சாப்பிடச் சொன்னான்ல, அது போதும்” என்றார். என் மகள் விஷயத்தில் இவ்வளவு கேவலமாக நான் திருப்தி அடையமாட்டேன் என்று அன்று மனதுக்குள் சபதமே எடுத்தேன்.

போன வருடம் மைத்துனன் திருமங்கலம் வந்தான். பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் நின்று பேசினோம். மகளுக்கு நல்ல இடம் வந்திருக்கிறது, பையன் என்ஜினியர், அவளுக்கும் பிடித்துவிட்டது என்றான். சந்தோஷத்தில் அவனுக்கு ஒரு வடையும் சொன்னேன். அவன் கிளாஸைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

“அப்பா எங்கன்னு கேட்டாக மச்சான். தவறிட்டாருன்னு சொல்லிட்டேன்.”

“இத்தன வருசமா துபாய்ல இருக்கேன்னுதான மாப்ள சொல்லிட்டு இருந்தீக? அதையே சொல்லியிருக்கலாம்ல?”

“துபாய்ல இருக்கிற அப்பன் மக கல்யாணத்துக்கு ஒரு பத்து நாளு லீவு போட்டு வரமாட்டானா?”

அதுவும் சரிதான். “எப்படிச் செத்தேன்?” என்று கேட்டேன்.

“ஹார்ட் அட்டாக்.”

“துபாய்லயேவா?”

“துபாய்லதான்.”

“பாடி வந்துச்சா?”

“வெளையாடாதீங்க மச்சான். அவுக சாமியாரும் சிஸ்டருமா உள்ள பெரிய குடும்பம். உண்மை தெரிஞ்சா அன்னைக்கே எந்திரிச்சுப் போயிருவாக. பிள்ள வாழ்க்கை.”

அவனைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை? என் மகளைக் காலேஜுக்குப் பைக்கில் கொண்டுபோய் விட்டவன் அவன். டைபாய்டு வந்து அவள் கிடந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் படுத்தவன் அவன். தலையை ஆட்டினேன்.

முதல் ஓலை அன்று தொப்பியும் மாஸ்க்கும் போட்டுக்கொண்டு எங்கள் கோவிலுக்குப் போனேன். உள்ளே போகவில்லை, சைக்கிள் நிறுத்தும் இடத்தில் நின்றேன். அங்கே ஒரு ஒலிபெருக்கி உண்டு. சாமியாருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் வாசித்தார். என் பெயர், என் மனைவி பெயர், இவர்களின் மகள். முன்னால் ஒன்றும் சேர்க்கவில்லை. உயிரோடு இருக்கிற ஒரு மனிதனின் பெயராக என் பெயர் அந்த வளாகம் முழுக்கக் கேட்டது. சைக்கிள்களுக்கு நடுவே நின்று நான் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். ஒருவேளை மனம் மாறிவிட்டார்களோ, என்னையும் கூப்பிடுவார்களோ என்றுகூட ஓர் ஆசை வந்தது. மனிதனுக்கு ஆசைக்கா பஞ்சம்.

இரண்டாம் ஞாயிறு ஆரப்பாளையத்தில் பஸ் ஏறி மாப்பிள்ளை ஊருக்குப் போனேன். அங்கே என்னை யாருக்கும் தெரியாது, தைரியமாக உள்ளேயே உட்கார்ந்தேன். அங்கே நான் காலஞ்சென்றவன். பக்கத்தில் இருந்த ஒரு வயதான அம்மா, தகப்பன் இல்லாத பெண் என்றதும் உச்சுக்கொட்டிச் சிலுவை போட்டுக்கொண்டது. நானும் போட்டுக்கொண்டேன். தடை ஏதும் தெரிந்தால் சொல்லவும் என்று வாசித்தபோது, இந்தக் கல்யாணத்துக்கு இருக்கிற ஒரே தடை உங்கள் கோவிலில் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது என்று எழுந்து சொன்னால் என்ன ஆகும் என்று தோன்றியது. சும்மா தோன்றியதுதான்.

நான் அங்கே இருந்த அதே நேரத்தில் மாப்பிள்ளையின் அத்தை, மதுரையில் நர்ஸாக இருப்பவர், வரப்போகிற மருமகளின் ஓலையைக் காதால் கேட்க வேண்டும் என்ற ஆசையில் எங்கள் கோவிலுக்குப் பூசைக்குப் போயிருக்கிறார். அவர் காதில் ‘காலஞ்சென்ற’ விழவில்லை. மதியத்துக்குள் போன் பறந்துவிட்டது. உயிரோடு இருக்கிற அப்பாவை ஏன் மறைக்கிறீர்கள் என்று. பெண் வீட்டில் இடி விழுந்தது. மைத்துனன் சட்டென்று உபதேசியார் தலையில் பழியைப் போட்டான். பழைய ஞானஸ்நானப் புத்தகத்தைப் பார்த்து எழுதிவிட்டார் என்றான். பங்குச் சாமியார் புதிதாக மாற்றலாகி வந்தவர், அவருக்கு என் கதை தெரியாது. மூன்றாம் ஞாயிறு எங்கள் கோவிலிலும் என்னைக் காலஞ்சென்றவன் ஆக்கிவிட்டார்கள்.

என்னைத் தெரிந்த முந்நூறு குடும்பமும் அதை நம்பியது. எங்கேயோ போனான், செத்தான் என்பதில் நம்பமுடியாதது என்ன இருக்கிறது? அன்று மாலை என்னோடு வேலை பார்த்த பழைய வாத்தியார் ஒருவர் என் நம்பருக்குப் போன் செய்தார். பன்னிரண்டு வருடத்தில் ஒருமுறைகூட அடிக்காதவர். நான் ஹலோ என்றேன். “யாரு பேசுறது?” என்று மெதுவாகக் கேட்டார். “ராங் நம்பர் சார்” என்று வைத்துவிட்டேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமைதான் மகள் கூப்பிட்டாள். டியூஷன் பிள்ளைகளுக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பேரைப் பார்த்ததும் சாக்பீஸோடு வெளியே ஓடினேன்.

“அப்பா.”

ஒன்பது வருடத்துக்குப் பிறகு அந்தச் சொல்லைக் கேட்கிறேன். “சொல்லும்மா” என்றேன்.

“உங்க போட்டோ ஒண்ணு வேணும்.”

“எதுக்கும்மா?”

“வியாழக்கெழமை அவங்க அம்மாவும் அத்தையும் வீட்டுக்கு வாராங்க. சும்மா பாக்கத்தான்னு சொல்றாங்க. ஆனா...” மூச்சு வாங்கினாள். “செத்தவரு படம் மாட்டாத வீடு எங்கயாச்சும் இருக்குமான்னு மாமா இப்பத்தான் யோசிக்கிறாரு. வீட்டுல உங்க படமே இல்லப்பா. அம்மா எல்லாத்தையும் எரிச்சுட்டாங்க. ஆல்பத்துல உங்களை மட்டும் வெட்டி எடுத்துட்டாங்க.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள், அது பாதியில் அழுகையாகிவிட்டது. அழட்டும் என்று காத்திருந்தேன்.

“மாப்பிள்ளைகிட்ட மட்டும் உண்மையைச் சொல்லிப் பாக்கலாமாம்மா? படிச்ச பையன்தான?”

“சொல்லணும்னுதான் இருந்தேன். ஒருநாள் அவரு போன்ல ஒரு வீடியோ காமிச்சாருப்பா. இந்த மாதிரி ஆளுங்களைக் கேலி பண்றது. விழுந்து விழுந்து சிரிச்சாரு.” நிறுத்தினாள். “நானும் சேந்து சிரிச்சேன்.”

“அவரை உனக்குப் பிடிச்சிருக்கா?” என்று மட்டும் கேட்டேன்.

“பிடிச்சிருக்குப்பா.”

“கல்யாணத்தன்னைக்கு நான் ஒரு ஓரமா, யாருக்கும் தெரியாம...”

“செத்தவரு எப்படிப்பா வருவீங்க?”

கோபமாகச் சொல்லவில்லை. அவளுக்கே அது வலித்தது என்பது குரலில் தெரிந்தது. நான் மூன்றாம் பந்திகூடக் கிடைக்காத ஆள் என்பது அப்போதுதான் எனக்கு முழுசாக உறைத்தது. பேரையூர்க்காரர் கொடுத்துவைத்தவர்.

“படத்துக்குக் கீழ தேதி போடணுமே” என்றேன். “தோற்றம், மறைவு.”

“அதை நான் பாத்துக்கிறேன். படத்த மட்டும் மாமாகிட்டக் குடுங்க.”

நான் செத்துப் பல வருடம் ஆனதாகக் கணக்கு. ஆகவே இப்போதைய முகம் உதவாது. கைவசம் ஒரே ஒரு பழைய படம்தான் இருந்தது. மகள் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை நாளில் எடுத்தது. வெள்ளை கவுனும் தலையில் பூக்கிரீடமும் கையில் மெழுகுவர்த்தியுமாக அவள் நிற்பாள். பக்கத்தில் நான், அவள் தோளில் கைபோட்டு. வீட்டைவிட்டு வந்த அன்று என் பர்ஸில் இருந்ததால் அந்தப் படம் தப்பியது.

ஸ்டுடியோவில் இருந்த பையன் அதை ஸ்கேன் செய்து என் முகத்தை மட்டும் வெட்டினான். “பாப்பாவை எடுத்துரவாண்ணே?” என்று கேட்டான். எடுத்துவிடு என்றேன். ஒரு சொடுக்கில் அவள் போனாள். தோளில் இருந்த என் கை கொஞ்சம் மிஞ்சி நின்றது, அதையும் அழித்தான். பின்னால் நீல வானமும் மேகமும் வைத்தான். செத்தவர்களுக்கெல்லாம் அந்த வானம்தானாம்.

“யாருண்ணே, ஒங்க தம்பியா? சாடை அப்படியே இருக்கு.”

“ஆமா.”

“எப்படித் தவறுனாரு?”

“ஹார்ட் அட்டாக். துபாய்ல.”

“இம்புட்டுச் சின்ன வயசுலயா” என்று அவன் உண்மையாகவே வருத்தப்பட்டான். எனக்காக வருத்தப்பட்ட ஒரே ஆள் அவன்தான் என்பதால் அவன் முகம் இன்னும் நினைவிருக்கிறது. மைத்துனன் வந்து படத்தை வாங்கிக்கொண்டு போனான். பிரேம் போடுவது, தேதி எழுதுவது எல்லாம் மதுரையில் நடந்தது. வியாழக்கிழமை வந்தவர்கள் மாலை போட்ட படத்தைப் பார்த்து, கும்பிட்டு, காபி குடித்து, சமாதானமாகிப் போனார்களாம்.

கல்யாணம் யூடியூபில் நேரடியாக ஓடியது. இணைப்பை மகள்தான் அனுப்பினாள், வழக்கம்போல ஒரு வார்த்தை இல்லாமல். காலையிலேயே பேரையூர்க்காரர் ஒரு மெஸ்ஸில் இலைச் சாப்பாடு பார்சல் வாங்கிக்கொண்டு என் அறைக்கு வந்துவிட்டார். “கல்யாண வீட்டுல பட்டினி கிடக்கக் கூடாது” என்றார். போனைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்துவிட்டு இருவரும் தரையில் உட்கார்ந்தோம்.

கோவிலுக்குக் கிளம்பும் முன் வீட்டில் ஜெபம். என் வீட்டுக் கூடம். சுவர் பச்சையாக இருந்தது, இப்போது வெள்ளை. மகள் பட்டுச்சேலையில், தலையில் வெள்ளை வலையோடு வந்து நின்றாள். அவளை அவ்வளவு அழகாக நான் எதிர்பார்க்கவில்லை, வாய்விட்டு அழுதேன். பக்கத்தில் என் மனைவி. தலையில் பூ இல்லை. மல்லிகை இல்லாமல் கடைத்தெருவுக்குக்கூடப் போகாதவள். என் சாவுக்காக அவள் மகள் கல்யாணத்தில் பூ வைக்காமல் நிற்கிறாள். நான் அவளுக்குச் செய்ததெல்லாம் போதாதென்று இது வேறு.

பிறகு மகள் என் படத்துக்கு முன்னால் வந்தாள். மெழுகுவர்த்தி ஏற்றினாள். பிரேமின் அடிப்பக்கத்தைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டாள். காமிராக்காரன் கடமை தவறாமல் படத்தை நெருங்கிக் காட்டினான். சந்தனமாலை, நீல வானம், சிரிக்கிற நான். கீழே இரண்டு தேதி. தோற்றம் சரியாக இருந்தது. மறைவு என்ற இடத்தில், மகள் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தும், மைத்துனன் ஏதாவது ஒரு தேதியை அடித்து விட்டிருப்பான் என்று நினைத்திருந்தேன்.

அது பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய ஜூன் மாதத்துத் திங்கட்கிழமை. பள்ளிக்கூட வாசலில் என் துணிப்பை வந்து நின்ற நாள். அந்தத் தேதி மைத்துனனுக்கு நினைவிருக்காது. என் மனைவி கணக்கு வைத்திருந்தால் சனிக்கிழமையைத்தான் வைத்திருப்பாள். அதை எழுதிக் கொடுத்தது என் மகள். எல்லோரும் சேர்ந்து சொன்ன அந்தப் பொய்யில் அவள் தன் பங்குக்கு உண்மையைச் சொல்லியிருந்தாள்.

காமிரா நகர்ந்துவிட்டது. பேரையூர்க்காரர் இலையைப் பிரித்தபடி என் முகத்தைப் பார்த்தார்.

“என்ன வாத்தியாரே, தேதியத் தப்பாப் போட்டுட்டாகளா?”

“இல்ல, சரியாத்தான் போட்டிருக்கு” என்றேன். “ரெண்டு நோட்டுக்கு அட்டை போடணும். சாயங்காலம் வாரேன்னு சொல்லிட்டு வந்தேன்.”

அவருக்குப் புரியவில்லை. சோற்றில் சாம்பாரை ஊற்றி, இலையை என் பக்கமாகத் தள்ளி வைத்தார்.